ரத்தான கேம் கேசட்டாக வந்தது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய மாமா பெங்களூரிலிருந்து பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி (நிண்டெண்டோ கம்பெனியின் மடக்கும் கையடக்கக் கேம் கருவி) ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அதை விற்ற ஆள் கூடவே மூன்று கேசட்டுகளையும் காட்டி, "இதெல்லாம் கடைக்கே வராத கேம், உலகத்திலேயே பத்துப் பதினைந்துதான் இருக்கும்" என்று சொல்லி, மூன்றுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறாராம். ஒன்று இங்கிலீஷில் உள்ள மதர் 3, இன்னொன்று டிடி காங் பைலட், மூன்றாவது அட்வான்ஸுக்கு முந்தைய கருவியான கேம்பாய் கலருக்கான ரெசிடென்ட் ஈவில். தம்பி தேடிப் பார்த்ததில் மூன்றுமே ஏதாவது ஒரு பட்டியலில் 'ரத்து' என்றோ 'வெளியாகவில்லை' என்றோ இருக்கிறது. ரத்தான கேமுக்குக் கேசட் எப்படி வந்தது, மாமாவிடம் வாங்கச் சொல்லலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி, மூன்றும் டூப்ளிகேட். நீங்கள் அனுப்பிய போட்டோவை வைத்தே சொல்ல முடிகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

போட்டோவில் மூன்று கேசட்டிலும் பளபளவென்று கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கேமின் பெயர், படம், கம்பெனி முத்திரை எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரு கேம் எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, நிண்டெண்டோ ஒப்புதல் கொடுத்து, தொழிற்சாலையில் கேசட் அடிக்கக் கொடுத்த பிறகுதான் அந்த ஸ்டிக்கருக்கே வேலை வரும். நடுவில் நின்றுபோன கேம் அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கவே முடியாது. உண்மையிலேயே நின்றுபோன கேமின் சோதனைக் கேசட் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் அது அழகாக இருக்காது. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஐசி வைத்த போர்டு, மேலே வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய பெயரும் தேதியும், அவ்வளவுதான். ரத்தான கேமுக்கு அச்சடித்த ஸ்டிக்கர் இருந்தால், அது டூப்ளிகேட் என்று அந்த ஸ்டிக்கரே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் உள்ளே ஓடுவது என்ன? கேம் உண்மைதான். அதனால்தான் விற்கிறவர்கள் போட்டுக் காட்டும்போது ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். கேமின் ரோம் ஃபைல், அதாவது கேசட்டுக்குள் இருக்கும் கேமின் முழுக் காப்பி, எங்கேயோ இணையத்தில் கசிந்திருக்கும். அதை எடுத்து ஒரு ஃப்ளாஷ் ஐசியில் ஏற்றி, படத்தைப் பிரிண்ட் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஆன் செய்தவுடன் நிண்டெண்டோ எழுத்து வருகிறதே, அதனால் ஒரிஜினல்தானே என்று என்னிடமே நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தின் படம் ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் இருக்கவேண்டும், கருவி அதைச் சரிபார்த்த பிறகுதான் கேமை ஓடவிடும். ரோமை அப்படியே காப்பி அடிக்கும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் அந்த எழுத்து வந்தால் பின்கள் சுத்தமாக இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம்.

சரி, இப்போது மூன்று கேமையும் தனித்தனியாகப் பார்க்கலாம். 'ரத்து' என்ற ஒரே வார்த்தையில் பட்டியல்காரர்கள் போட்டுவிட்டாலும் மூன்றின் கதையும் வேறு வேறு.

மதர் 3 ரத்தான கேமே இல்லை. ஒருமுறை ரத்தாகித் திரும்பப் பிறந்த கேம் அது. ஷிகெசாடோ இட்டோய் என்ற ஜப்பானிய எழுத்தாளர் உருவாக்கிய தொடரின் மூன்றாம் பாகம். முதலில் நிண்டெண்டோவின் பழைய டிவி கேம் கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்கு என்று ஆரம்பித்து, அதற்கு அடுத்து வந்த நிண்டெண்டோ 64-க்கும் அதன் டிஸ்க் டிரைவுக்கும் மாறி, வருடக்கணக்கில் இழுத்து, 2000 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் இட்டோயும் நிண்டெண்டோவைச் சேர்ந்த இவாட்டா, மியாமோட்டோவும் உட்கார்ந்து, ஏன் முடியவில்லை என்று வெளிப்படையாகப் பேசி, அதை இட்டோயின் இணையதளத்திலேயே வெளியிட்டார்கள். ஒரு கேம் செத்துப்போனதற்கு அதைச் செய்தவர்களே அப்படி முகம் கொடுத்துப் பேசியதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. பிறகு 2003-ல் முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து கேம்பாய் அட்வான்ஸில் வெளியிட்டபோது, அந்த விளம்பரத்திலேயே மூன்றாவதும் இதே கருவிக்கு வருகிறது என்று சொன்னார்கள். 2006 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் வந்தது. முப்பரிமாணத்தில் நின்றுபோன கதையை 240-க்கு 160 புள்ளிகள் உள்ள சின்னத் திரையில், கையால் வரைந்தது போன்ற படங்களில் சொல்லி முடித்தார்கள். என்னைக் கேட்டால் அது அந்தக் கதைக்கு நல்லதாகவே போயிற்று.

ஆனால் 2006-ல் அடுத்த கையடக்கக் கருவியான நிண்டெண்டோ டிஎஸ் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கேம்பாய் அட்வான்ஸ் ஓய்கிற நேரம். ஜப்பானுக்கு வெளியே மதர் 3 அதிகாரபூர்வமாக வரவே இல்லை. 2024 பிப்ரவரியில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் சந்தாவில் சேர்த்தபோதும் ஜப்பானுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்த இங்கிலீஷ், ரசிகர்கள் செய்தது. கிளைட் மாண்டெலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தலைமையில் ஒரு குழு உழைத்து 2008 அக்டோபரில் வெளியிட்டது. கேமை அவர்கள் கொடுக்கவில்லை, ஒரிஜினலின் மேல் போடுகிற பேட்ச் ஃபைலை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். நிண்டெண்டோ அதிகாரபூர்வமாக இங்கிலீஷில் வெளியிடுவதாக இருந்தால் என் மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் மாண்டெலின் சொன்னார். அப்படிக் காசு வாங்காமல் செய்த உழைப்பை ஒருத்தர் ஐசியில் ஏற்றி, 'உலகத்திலேயே பத்துதான்' என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரிஜினல் மதர் 3 ஒன்றை நான் திறந்தே பார்த்திருக்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் டிரெய்னிங்குக்காக ஜப்பான் போனபோது பழைய சாமான் கடையில் வாங்கியது. கேம் தொடங்காமல் நின்றது என்று கிருஷ்ணகிரியில் ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் இருக்கும் என் மொபைல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்தார். பின்புறத்தில் மூன்று காது உள்ள ஸ்க்ரூ ஒன்று. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் இறங்காது. கழற்றினால் உள்ளே போர்டு மெல்லியதாக, ஓரம் மழமழவென்று வெட்டப்பட்டு இருந்தது. பின்களுக்கு மேலே நிண்டெண்டோ என்று போர்டிலேயே அச்சாகியிருந்தது. மூடியைக் கழற்றாமலே, கேசட்டின் வாய்ப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த எழுத்து தெரியும். ஸ்டிக்கரின் மேல் இரண்டு எண்கள் மை இல்லாமல் அழுத்தமாக மட்டும் பதிந்திருந்தன, விரல் நுனியால் தடவினால் தட்டுப்பட்டது. பின்களை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இரண்டு தடவை துடைத்தேன், ஓடிவிட்டது. அவ்வளவுதான் கோளாறு.

டூப்ளிகேட்டைத் திறந்தால் அநேகமாக வேறு மாதிரி இருக்கும். போர்டின் நடுவில் தார் சொட்டு விழுந்தது போலக் கருப்புப் பொட்டு ஒன்று, இல்லையென்றால் கையால் சோல்டர் வைத்த ஃப்ளாஷ் ஐசி. பக்கத்தில் சின்ன செல் இருக்கலாம். கேமை எங்கே விட்டோம் என்ற சேமிப்பு அந்த செல்லை நம்பித்தான் நிற்கும், செல் தீர்ந்தால் நாற்பது மணி நேர ஆட்டமும் போய்விடும். செல் இருந்தாலே டூப்ளிகேட் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். போகிமான் ரூபி, சஃபையர், எமரால்டு ஒரிஜினல்களிலும் கடிகாரத்துக்காக செல் உண்டு. ஆனால் அவற்றில் சேமிப்பு தனியாக ஃப்ளாஷில் இருப்பதால், செல் தீர்ந்தால் நேரத்தை வைத்து நடக்கும் விஷயங்கள் மட்டும் நிற்கும், ஆட்டம் அழியாது.

அடுத்தது டிடி காங் பைலட், மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த கதை. பிரிட்டனில் உள்ள ரேர் நிறுவனம், டாங்கி காங் என்ற குரங்குக் கூட்டத்தை விமானத்தில் ஏற்றிப் பந்தயம் விடுகிற கேமாக அதைச் செய்தது. 2001 மே மாதம் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் காட்டினார்கள். அப்போது கருவியைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுவதாக யோசனை. 2002 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ரேரை 37.5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. டாங்கி காங் நிண்டெண்டோவின் சொத்து, அது ரேரோடு போகாது. ஆனால் மைக்ரோசாஃப்டிடம் கையடக்கக் கருவி எதுவும் இல்லாததால், ரேர் கேம்பாய் அட்வான்ஸுக்குக் கேம் செய்வதில் அவர்களுக்கும் நஷ்டம் இல்லை. அதனால் 2003-ல் டிஹெச்க்யூ என்ற கம்பெனி வெளியிடுவதாக ஒப்பந்தம் ஆனது. குரங்குகளை இறக்கிவிட்டு, ரேருக்கே சொந்தமான பாஞ்சோ கரடி கூட்டத்தை விமானத்தில் ஏற்றினார்கள். 2005 ஜனவரியில் பாஞ்சோ பைலட் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

கண்காட்சியில் கூடவே காட்டிய டாங்கி காங் கோகனட் கிராக்கர்ஸ் என்ற புதிர் கேமும் இதே வழியில் இட்ஸ் மிஸ்டர் பாண்ட்ஸ் என்று 2004-ல் வந்தது. பட்டியலில் இரண்டும் 'ரத்து' என்றுதான் இருக்கும். ஆனால் உழைப்பு வீணாகவில்லை, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. டிடி காங் பைலட்டின் பழைய சோதனை வடிவம் 2011-ல் இணையத்தில் கசிந்தது. உங்கள் மாமாவிடம் காட்டிய கேசட்டில் இருப்பது அந்தக் கசிவாகத்தான் இருக்கும். உங்களுக்கு விமானப் பந்தயம் ஆடத்தான் ஆசை என்றால் ஒரிஜினல் பாஞ்சோ பைலட் தேடுங்கள். அது முடித்த கேம், நடுவில் நின்று தொங்காது.

மூன்றாவது, ரெசிடென்ட் ஈவில். இதுதான் முழு அர்த்தத்தில் ரத்து. பிளேஸ்டேஷனில் 1996-ல் வந்த அந்த மாளிகை கேமை அப்படியே கேம்பாய் கலரில் கொண்டுவர ஹாட்ஜென் என்ற பிரிட்டிஷ் குழு முயன்றது. யோசித்துப் பாருங்கள் தம்பி, ஒரு முழு சிடியில் வந்த கேம். இங்கே திரை 160-க்கு 144 புள்ளிகள், ஒரே நேரத்தில் சாதாரணமாக 56 நிறம்தான். ஆனாலும் ஒவ்வொரு அறையையும் அதே கேமரா கோணத்தில் குறுக்கி வரைந்து, ஆள் தூரம் போனால் உருவம் சிறுத்துத் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். ரெசிடென்ட் ஈவிலின் சொந்தக்காரரான கேப்காம் கம்பெனி 2000-ல் இதை நிறுத்தியது, ஆடுகிறவர்களுக்கும் தங்களுக்கும் திருப்தி தரும் என்ற நம்பிக்கை இல்லை என்றது. அதற்குப் பதில் 2001 கடைசியில் ரெசிடென்ட் ஈவில் கெய்டன் என்று வேறு கதையும் வேறு அமைப்பும் உள்ள ஒரு கேம் அதே கருவிக்கு வந்தது. நின்றுபோனதன் சோதனைக் கேசட்டை வைத்திருந்த ஒருவர் 2,000 டாலர் கேட்க, ஆர்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் திரட்டிக் கொடுத்தார்கள். 2012-ல் ரோம் எல்லோருக்கும் பொதுவாக வந்தது. ஊர் கூடி இலவசமாக்கிய அந்த ஃபைல்தான் இப்போது 'அபூர்வம்' என்று விலைக்கு வருகிறது. அதுவும் முழுமையாக முடிக்காத வடிவம்.

இதோடு இன்னொன்றைக் கவனியுங்கள். ரெசிடென்ட் ஈவில் கேம்பாய் கலருக்கானது, கலர் கேசட் அட்வான்ஸ் கேசட்டைவிடப் பெரியது, 5 வோல்ட்டில் ஓடுவது. அட்வான்ஸ் கேசட்டுக்கு 3.3 வோல்ட். எஸ்பி-யில் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் கேசட்டின் உருவத்தை வைத்து எது என்று கண்டுபிடித்து மின்சாரத்தை மாற்றும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் மூன்று கேசட்டும் ஒரே அளவில் இருக்கின்றன. அப்படியானால் ரெசிடென்ட் ஈவில் நேராக ஓடவில்லை, கலர் கருவியைப் போல நடிக்கும் எமுலேட்டர் புரோகிராம் ஒன்றைச் சேர்த்து அட்வான்ஸ் கேசட்டில் அடைத்திருக்கிறார்கள். டூப்ளிகேட்டிலும் அரைகுறை.

முடித்த கேமைக்கூட ஏன் வெளியிடாமல் விட்டார்கள் என்றும் தம்பி கேட்டிருந்தார். அந்தக் காலத்துக் கையடக்கக் கருவிக்குப் பெரிய காரணம் கேசட்தான். கேசட்டுக்குள் இருப்பது மாஸ்க் ரோம், அதாவது ஐசி செய்யும்போதே கேமையும் அதில் பதித்துவிடுவார்கள், பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. சிடி அடிப்பதைவிட இது பல மடங்கு செலவு. அந்தச் செலவை விற்பனைக்கு முன்பே, ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்து, வெளியீட்டு நிறுவனம் கட்டவேண்டும். பெரிய ஐசி என்றால் இன்னும் கூடும். நம் பக்கத்தில் மாங்காய் வியாபாரிகளுக்கு இது சட்டென்று புரியும். மரத்தில் காய் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பறிகூலி, பெட்டி, லாரி வாடகை எல்லாம் கையிலிருந்து போட்டு மண்டிக்குக் கொண்டுபோனால் விலை கிடைக்குமா என்று தெரியாதபோது மரத்திலேயே விட்டுவிடுவார்கள். அறிமுகம் இல்லாத சின்னக் குழு செய்த, யாருக்கும் பெயர் தெரியாத கேமுக்கு வெளியீட்டாளர் கிடைக்காமல் போனதெல்லாம் இப்படித்தான்.

ஷாண்டே இதற்குச் சரியான உதாரணம். வேஃபார்வர்டு குழு செய்த இந்தத் தொடரின் முதல் கேம், கேம்பாய் கலருக்கு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவும் செய்து பார்த்தது. 4 எம்பி கேசட், சேமிக்க செல், எல்லாம் செலவு. வெளியீட்டாளர் கிடைப்பதற்குள் வருடங்கள் ஓடி, கேப்காம் மூலம் 2002 ஜூனில் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே கேம்பாய் அட்வான்ஸ் கடைக்கு வந்துவிட்டது! பழைய கருவிக்கான புதுக் கேமை யார் வாங்குவார்கள்? பாராட்டு வந்தது, விற்பனை வரவில்லை. அதனால் அட்வான்ஸுக்காக ஆரம்பித்த அடுத்த பாகத்துக்கு ஆள் கிடைக்காமல் அது பாதியில் நின்றது. இருபது வருடம் கழித்து அதே குழு பழைய ஃபைல்களைத் தூசி தட்டி எடுத்து, ஷாண்டே அட்வான்ஸ்: ரிஸ்கி ரெவல்யூஷன் என்று முடித்தது. 2025-ல் உண்மையான கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டாகவும், ஆகஸ்டில் இப்போதைய கருவிகளுக்கும் வந்துவிட்டது.

கியென் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். இத்தாலியில் ஐந்து பேர் 2002-ல் ஆரம்பித்த கேம். கேசட் செலவுக்குப் பயந்து வெளியீட்டாளர் பின்வாங்கியதால் நின்றது. நண்பர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள், ஃபாபியோ பெல்சாண்டி மட்டும் விடவில்லை. 22 வருடம் கழித்து 2024-ல் இன்க்யூப்8 என்ற கம்பெனி அதைக் கேசட்டாக, அச்சடித்த கையேட்டோடு வெளியிட்டது. இந்த இரண்டும் பழைய பட்டியல்களில் 'ரத்து' என்றுதான் இன்னும் கிடக்கும். ஆனால் இவற்றுக்கு ஸ்டிக்கரோடு கேசட் இருப்பது நியாயம், செய்தவர்களே விற்கிறார்கள், காசு அவர்களுக்குப் போகிறது. அதனால் பட்டியலைப் பார்க்கும்போது அது எந்த வருடம் எழுதியது என்று பாருங்கள், அந்தக் கேமை இப்போது யார் விற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கேமில் குறையே இல்லாமல் உலகம் குறுக்கே வந்து நின்றதும் உண்டு. அட்வான்ஸ் வார்ஸ் என்ற போர்த் தந்திரக் கேம் அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 10 அன்று வந்தது, மறுநாள் இரட்டைக் கோபுரம் விழுந்தது. ஜப்பானில் வரவேண்டியதை நிறுத்திவைத்தார்கள், அங்கே 2004 நவம்பரில் இரண்டாம் பாகத்தோடு சேர்த்துத்தான் வந்தது. அதே இரண்டையும் ஸ்விட்சுக்குப் புதுப்பித்தபோது உக்ரைன் போர் வந்தது, மறுபடியும் தள்ளிப்போய் 2023 ஏப்ரலில் வெளியானது. ஜப்பான் பட்டியல் ஒன்றை 2002-ல் யாராவது எழுதியிருந்தால் அதையும் ரத்து என்றே எழுதியிருப்பார்கள்.

மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள் தம்பி. எஸ்பி கருவி நல்லது, போட்டோவில் மடக்கும் கீல் விரிசல் இல்லாமல் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். கேசட் மூன்றும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்கு மேல் பெறாது, திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். விற்கிற ஆள் ஒரிஜினல் என்று பிடிவாதமாக நின்றால், உங்கள் முன்னாலேயே ஸ்க்ரூவைக் கழற்றி போர்டைக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். கழற்றிக் காட்டினால் இரண்டு பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பின்களுக்கு மேலே உள்ள எழுத்து தெரிகிற மாதிரி. பக்கத்தில் யாரிடமும் மூன்று காது டிரைவர் கிடைக்கவில்லை என்றால், கேசட்டையே எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்கு வாருங்கள், டிரைவர் என் மேசையில்தான் இருக்கிறது. ஓசூர் அண்ணன் ஊரில் இருந்தால் அவருடைய மதர் 3-ஐயும் கொண்டுவரச் சொல்கிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.